ஒரு நிமிடப் பத்தி

மார்ச் 3

அன்புள்ள டீச்சருக்கு,

நான் நலம். நீ நலமாக இருப்பதாக மகள் சொன்னாள். நாலு வருடம் கழித்து எழுதுகிறவன் முதலில் வேறு ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வதென்று இரண்டு நாள் யோசித்தேன். வரவில்லை. ஆகவே வேலை விஷயத்திலேயே ஆரம்பிக்கிறேன். போனில் கேட்டிருக்கலாம். போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

கல் அரைக்கும் ஆலையில் மாஸ்க் ரூம் இன்னும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. கல்தூசு கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருந்தால் பயமில்லை, மூக்கிலேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் நுரையீரலுக்குள் போய் உட்காரும். அதற்காகத்தான் ஆளுக்கொரு மாஸ்க். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் அவருடைய மாஸ்க் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டும். மாஸ்க் போட்டவரின் தலைக்கு மேல் கண்ணாடி போன்ற ஒரு பையைக் கவிழ்த்து, அதற்குள் கசப்பு மருந்தைப் புகைபோல அடிப்போம். அவர் மூச்சு விட வேண்டும், தலையைத் திருப்ப வேண்டும், குனிய வேண்டும், ஒரு நிமிடம் வாய்விட்டு வாசிக்க வேண்டும். நாக்கில் கசப்புத் தெரிந்தால் மாஸ்க் கசிகிறது என்று அர்த்தம்.

வாசிக்கிற இடத்தில்தான் சிக்கல். கம்பெனி கொடுத்த பத்தி வேற்று மொழியில் இருக்கிறது. நம் மொழிக்காரர்கள் முப்பத்தோரு பேர். அதைக் கொடுத்தால் உதட்டுக்குள்ளேயே முனகிவிட்டு 'முடிஞ்சுது' என்கிறார்கள். வாய் அசையாமல் எல்லோரும் தேறிவிடுகிறார்கள். போன மாதம் அப்படித் தேறிய ஒருவர் மாஸ்க்கைக் கழற்றியபோது மூக்கின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இருந்தது. தூசு உள்ளே போன வழி அது.

நம் மொழியில் ஒரு பத்தி வேண்டும். ஒரு நிமிடம் வாசிக்கிற மாதிரி, வாய் நன்றாகத் திறந்து மூடுகிற மாதிரி. பல்லிக்கூடத்தில் அத்தனை வருடம் வாசிக்க வைத்தவள் நீ. எழுதித் தருவாயா?

இப்படிக்கு,
மகளின் அப்பா


மார்ச் 21

வணக்கம்.

உங்கள் கடிதத்தில் பிழை ஒன்றுதான். ஆனால் பெரிய பிழை. பல்லிக்கூடம் என்றால் பல்லிகள் கூடும் இடம். நான் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தது பள்ளிக்கூடத்தில். ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. அது உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. மகள் சொல்லியிருப்பாள். உங்களுக்குத் தெரிந்தது எல்லாம் மகள் சொன்னதுதானே.

எழுதித் தருவதில் எனக்குத் தடையில்லை. முப்பத்தோரு பேரின் மூச்சு அது. ஆனால் விவரம் போதாது. ஒரு நிமிடம் என்றால் யாருடைய நிமிடம்? வேகமாக வாசிக்கிறவருடையதா, எழுத்துக் கூட்டி வாசிக்கிறவருடையதா? எந்தச் சத்தத்தில் மாஸ்க் அதிகம் நகரும்? அவர்களுக்கு எது பிடிக்கும், சிரிக்கிற மாதிரி எழுதலாமா?

நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள். ஓர் உதாரணம். கடைசிப் பெஞ்சுப் பையனிடம் 'புரிந்ததா' என்று கேட்டால் பலமாகத் தலையாட்டுவான். 'எழுந்து சொல்லு' என்றால்தான் புரியாதது வெளியே வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது எல்லாப் பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள்தான். உங்கள் மாஸ்க்கும் அப்படித்தானா?

என் தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது. இதையும் மகள் சொல்லியிருக்கலாம்.

மகளின் அம்மா


ஏப்ரல் 9

அன்புள்ள டீச்சருக்கு,

அப்படியேதான். இத்தனை வருடமாக நான் புது ஆட்களுக்கு முக்கால் மணி நேரம் விளக்குவதை நீ மூன்று வரியில் சொல்லிவிட்டாய். வாய் மூடியிருக்கும்போது எந்த மாஸ்க்கும் எந்த முகத்துக்கும் பொருந்தும். பேசும்போதுதான் தாடை இறங்கும், கன்னம் உள்வாங்கும், ஓரத்தில் இடைவெளி விழும். ஆ, ஐ, ஓ வருகிற இடங்களில் அதிகம் நகரும். ப, ம வருகிற இடத்தில் உதடு மூடித் திறக்கும். இரண்டும் மாறி மாறி வந்தால் நல்லது. எழுத்துக் கூட்டி வாசிக்கிறவரின் நிமிடத்தையே கணக்கில் வைத்துக்கொள். சிரிப்பு வரலாம். சிரித்தாலும் முகம் அசையுமே.

நீ விவரம் கேட்டதால் என் வேலையையும் சொல்கிறேன். இதை நான் யாருக்கும் எழுதியதில்லை. காலையில் வந்ததும் மாஸ்க்குகளைப் பிரித்து வரிசையாக வைப்பேன். ஃபில்டரைத் தனியாக எடுத்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் கழுவுவேன். கொதிநீர் ஆகாது, ரப்பர் கோணிக்கொள்ளும். வெயிலில் காயவைக்கக் கூடாது, பட்டையைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிடவும் கூடாது. மூச்சு வெளியே போகிற இடத்தில் ஒரு வால்வு இருக்கும், பூவிதழ் போல ஒரு ரப்பர் வட்டம். அதன் அடியில் ஒரே ஒரு முடி சிக்கினாலும் போதும், அது மூடாது. ஒவ்வொன்றையும் நகத்தால் தூக்கிப் பார்ப்பேன். கடைசியில் நானே முகத்தில் வைத்து, ஃபில்டர் இரண்டையும் உள்ளங்கையால் பொத்தி மூச்சை இழுப்பேன். மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொண்டு பத்து எண்ணும்வரை அப்படியே நிற்க வேண்டும். பிறகு துடைத்து, அவரவர் பெயர் எழுதிய பையில் வைப்பேன். ஒரு நாளைக்கு நாற்பத்தேழு. ரூமில் வேறு ஆள் கிடையாது. ரேடியோ என்று நாங்கள் கூப்பிடும் கிரேன்காரர் மட்டும் ஃபில்டர் மாற்ற வரும்போது பத்து நிமிடம் பேசிவிட்டுப் போவார். நான் "ம்" போடுவேன்.

செப்டம்பர் முப்பதோடு என் வேலை முடிகிறது. கம்பெனி ரூமையும் காலி செய்ய வேண்டும். ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அதில் 'போகும் முகவரி' என்று ஒரு கட்டம். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

மகளின் அப்பா


ஏப்ரல் 30

அன்புள்ளவருக்கு,

உங்களிடமிருந்து இவ்வளவு நீளமான கடிதம் இதுவரை எனக்கு வந்ததில்லை. கல்யாணமான புதிதில்கூட ஒரு பக்கத்தைத் தாண்டியதில்லை. பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்தக் கட்டத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் ஒன்று சொல்ல வேண்டும். தன்னோடு வந்து இருக்கும்படி மகள் கூப்பிடுகிறாள். இந்த வீட்டை நாம் வாடகைக்கு எடுத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. காலி செய்வதென்றால் ஜூன் மாதத்துக்குள் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். மகளுக்கும் அதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். இதுவரை எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கிறாள். பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அது பொய்யில்லை.

இதோ பத்தி.

'ஓர் ஊரில் ஓர் அம்மாள் இருந்தாள். அவளுக்கு வாய் ஓயாது. பால்காரரோடு பேசுவாள், பஸ் கண்டக்டரோடு பேசுவாள், பக்கத்து வீட்டுப் பூனையோடும் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளோடு பேசுவாள். வீட்டுக்கு வந்தால் மட்டும் பேச ஆள் இல்லை. ஆகவே பாத்திரங்களோடு பேச ஆரம்பித்தாள். பானையே, பசிக்கிறதா? கரண்டியே, காய்ச்சலா? மூடியே, முகம் ஏன் வாடியிருக்கிறது? பாவம், பாத்திரங்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தன. ஒரு நாள் பெரிய பானை வாயைத் திறந்தது. ஐயோ அம்மா, ஆளை விடு, எங்கள் காதும் ஓட்டையாகிவிட்டது என்றது. அம்மாள் அன்றைக்கு முழுக்க வாய் திறக்கவில்லை. ஆனாலும் வாசல் கதவை மட்டும் அவள் தாழிடுவதே இல்லை. போனவர் எந்த நேரத்தில் வந்தாலும் தட்டாமலே உள்ளே வரலாம்.'

ஒரே ஒரு வேண்டுகோள். பிறர் கையில் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை, கடைசி வரைக்கும், வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.

மகளின் அம்மா


மே 19

அன்புள்ள டீச்சருக்கு,

பத்தி பிரமாதம். கடிதம் வந்த அன்றே ஆலைக்கு எடுத்துப்போய்விட்டேன். ரேடியோவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, கையில் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர். பானை பேசுகிற இடத்துக்கு வரும்போது ஐம்பது விநாடி ஆகிவிட்டது. 'வாய் திறக்கவில்லை' என்கிற இடத்தில் அறுபது. கையைத் தூக்கி நிறுத்திவிட்டேன்.

ஆகவே கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டேன். தப்பாக நினைக்காதே. நேரம் கூடுகிறது. வாயும் அதில் பெரிதாகத் திறக்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், எனக்குத் தோன்றியது. பானை பேசியதோடு முடிந்தால்தான் சிரிப்பு நிற்கிறது. அதற்குப் பிறகு கதவு, தாழ்ப்பாள் என்று போனால் சிரிப்பு கெடுகிறது.

மீதியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இதுவரை பத்தொன்பது பேரைச் சோதித்தாகிவிட்டது. அதில் ஆறு பேருக்கு வாசிக்கும்போது கசந்தது. பழைய பத்தியில் இந்த ஆறு பேரும் தேறியவர்கள். யோசித்துப் பார். ஆறு பேருக்கும் வேறு அளவு மாஸ்க் கொடுத்துவிட்டேன். அந்த வெள்ளைக் கோட்டுக்காரரும் அதில் ஒருவர். "பானைக்கு நன்றி சொன்னேன்னு எழுதுங்க" என்றார்.

உன் உதவியை மறக்க மாட்டேன்.

மகளின் அப்பா


ஜூன் 7

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. ஆறு பேருக்கு மாஸ்க் மாறியதில் மகிழ்ச்சி.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். இந்த மாதக் கடைசியில் மகள் வீட்டுக்குப் போகிறேன்.

மகளின் அம்மா


ஜூலை 2

அன்புள்ள டீச்சருக்கு,

இதை மகள் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். உன் போன கடிதம் மிகவும் சின்னதாக இருந்தது. பெட்டி கட்டுகிற வேலையில் நேரம் இருந்திருக்காது என்று முதலில் நினைத்தேன். பிறகு திரும்ப எடுத்துப் பார்த்தேன். நேரமில்லாதவர் எழுதிய கடிதம் மாதிரி அது இல்லை. நான் எழுதுகிற கடிதம் மாதிரி இருக்கிறது.

என் மேல் ஏதாவது குறையா? இருந்தால் சொல். மாஸ்க்கில் குறை என்றால் நகத்தால் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன். இது எனக்குப் பிடிபடவில்லை.

முப்பத்தோரு பேரையும் சோதித்து முடித்தாகிவிட்டது. இனி நான் மட்டும்தான் பாக்கி.

மகளின் அப்பா


ஆகஸ்ட் 24

அன்புள்ள டீச்சருக்கு,

ஏழு வாரமாகப் பதில் இல்லை. ஏன் என்று நேற்று முன்தினம் தெரிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பிறகு மாஸ்க் ரூமைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வந்திருக்கிறார், நம் மொழிக்காரர். நுணுக்கமானவர். நான் கழுவி வைத்ததையே எடுத்து மறுபடி வெளிச்சத்தில் பார்ப்பார். எனக்கு அது பிடித்திருந்தது. என் சோதனையையும் அவர்தான் செய்தார். சுவரில் ஒட்டியிருந்த பத்தி கழுவும் தண்ணீர் பட்டு மை ஓடிப்போயிருந்தது. அவர் ஃபைலைத் திறந்து உன் கையெழுத்தில் இருந்த காகிதத்தையே எடுத்து என் முன்னால் நிறுத்தினார்.

தலைக்கு மேல் பை. கசப்பு மருந்தை அடித்துக்கொண்டே இருந்தார். மூச்சு விட்டேன், தலையைத் திருப்பினேன், குனிந்து நிமிர்ந்தேன். பிறகு வாசிக்கச் சொன்னார். டீச்சர், முப்பத்தோரு பேர் வாசித்துக் கேட்டிருக்கிறேன். நான் வாய்விட்டு வாசித்தது அதுதான் முதல் தடவை. நீ ஒன்றே ஒன்று கேட்டிருந்தாய். அதைச் செய்யவில்லை.

'வாய் திறக்கவில்லை' என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"இன்னும் ரெண்டு வரி இருக்கே" என்றார்.

"அது வேணாம்மா. நான்தான் பென்சில்ல அடிச்சேன். நேரம் கூடுது."

"ஒரு நிமிஷத்துக்குக் குறையக் கூடாதுன்னுதான் விதி. கூடினா என்ன? முழுசா படிங்க."

படித்தேன். கதவைப் பற்றிய வரி வரைக்கும் ஒன்றும் இல்லை. பானைக் கதையின் மிச்சம் என்றே நினைத்தேன். அடுத்த வரியில் 'போனவர்' என்று வாசித்தபோது என் குரல் எனக்கே மாஸ்க்குக்குள் கேட்டது. யார் போனவர் என்று அப்போதுதான் உறைத்தது. மிச்சத்தை எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. நாக்கில் கசந்தது. கசந்தால் கையைத் தூக்க வேண்டும், தூக்கினேன்.

பையை எடுத்துவிட்டு மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பட்டை சரியா இருக்கு. வால்வும் சரியா இருக்கு. எங்கே குறைன்னு தெரியலையே."

"குறை மாஸ்க்குல இல்லம்மா" என்றேன். "முகத்துல."

என் முகத்தைப் பார்த்தார். 'பொருந்தவில்லை' என்று எழுதி என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார். பதினேழு வருடத்தில் எனக்கு அந்த வார்த்தையை யாரும் எழுதியதில்லை. மறுநாள் அதே மாஸ்க், அதே பத்தி, கடைசி வரை வாசித்துத் தேறிவிட்டேன். அது இப்போது பெரிய விஷயமாகப் படவில்லை.

நான் ஏன் வருவதை நிறுத்தினேன் என்று நீ கேட்கவே இல்லை. நானும் சொல்லவே இல்லை. ஒவ்வொரு லீவுக்கும் வருவேன். நீ பள்ளிக்கூடத்துக் கதை சொல்வாய், அதில் வருகிற ஒருவரையும் எனக்குத் தெரியாது. தாமதமாக வந்த மாணவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். பாடம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்க வெட்கம். மகளின் கல்யாணத்துக்குப் பிறகு, இனி நான் வந்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லீவு நாட்களிலும் மாஸ்க் ரூமிலேயே இருந்தேன். அப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது, கடைசி நாலு வருடம் கடிதமும் இல்லாமல்.

தாழிடாத அந்தக் கதவு இப்போது வேறொருவர் வீட்டுக் கதவு. அது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுவிடுகிறேன். நான் வரலாமா?

மகளின் அப்பா


செப்டம்பர் 12

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மூன்றாவது முறை வாய்விட்டு. வீட்டில் யாரும் இல்லாததால் முடிந்தது.

அந்த இரண்டு வாக்கியங்களை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. மற்றதெல்லாம் ஒரு மத்தியானத்தில் எழுதியது. நீங்கள் அவற்றை அடித்துவிட்டீர்கள் என்று படித்ததும், கோபத்துக்கு முன்னால் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு கெடுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அது சரியான திருத்தம். ஒரு மாணவன் சொல்லியிருந்தால் மதிப்பெண் போட்டிருப்பேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். மறுநாள் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

குற்றம் முழுக்க உங்களுடையது என்று மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நேராகக் கேட்க வேண்டியதைப் பாடத்துக்குள் ஒளித்து வைத்தது நான்தான். அதிலும் முப்பத்தோரு பேருக்கு நடுவில். கேள்வி கேட்டதையே சொல்லாமல் விடைத்தாளைத் திருத்தியிருக்கிறேன். எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு பரீட்சையை நான் வைத்ததில்லை.

நான் வருவதற்குள் காலி செய்துவிட்டாளே என்று வருத்தப்பட வேண்டாம். அந்த வீட்டில் என்னோடு இருந்தது நீங்கள் இல்லை. நீங்கள் வருவீர்கள் என்ற நினைப்புத்தான். அதற்கு நான் தினமும் விளக்கேற்றிக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். இப்போது அது இல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். சில நாள் முடிகிறது.

இங்கே எல்லாரும் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். எனக்கென்று ஒரு நல்ல அறை, ஜன்னல், நாற்காலி. ஒரு குறையும் இல்லை. மகள் மாலையில் வந்ததும் 'சாப்பிட்டியாம்மா' என்பாள். 'சாப்பிட்டேன்' என்பேன். அதற்கு மேல் பேச அவளுக்கும் தெம்பு இருக்காது. எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு பேச ஒன்றுமில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று தெரிகிறது. நீங்கள் லீவுக்கு வந்த நாட்களை இப்போது கொஞ்சம் புரிந்துகொள்கிறேன்.

வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இது மகள் வீடு. இங்கே வாருங்கள் என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். நானே சொல்லக்கூடிய இடமாக இருந்தாலும், சேர்ந்து இருக்கலாம் என்று இன்றைக்கு என்னால் எழுத முடியவில்லை. முடியாது என்றும் எழுத முடியவில்லை. இத்தனை வருடம் கழித்து நாம் ஒருவருக்கொருவர் எப்படி இருப்போம் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. கடிதத்தில் அது தெரியவும் தெரியாது.

இந்தத் தெருமுனையில் ஒரு பூங்கா இருக்கிறது. உள்ளே நுழைந்து இடது பக்கம் திரும்பினால், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில் ஒரு பெஞ்சு. தினமும் நான்கு மணிக்குப் போய் ஐந்து மணி வரை உட்கார்ந்திருப்பேன். மகளுக்குத் தெரியாது. நடந்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். மழை பெய்தால் போக மாட்டேன். இரண்டு மாதத்தில் என் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை.

ஊருக்கு வந்ததும் முதலில் உங்களுக்கு ஒரு ரூம் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நாள் வாருங்கள். வந்தால், உட்காரலாமா என்று என்னைக் கேட்க வேண்டாம். பெஞ்சு எல்லாருக்கும் பொது.

மகளின் அம்மா